கேட்டுப் போன வழியும் கேட்காமல் போன வழியும்



குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கோ, படப்பை வழியாக ஒரகடத்துக்கோ போகிறவர்கள் கண்ணில் ஓயாமல் படுவது சுற்றுச்சுவர். கிடங்குக்குச் சுவர், மனைப்பிரிவுக்குச் சுவர், புல் மட்டுமே முளைத்த காலி நிலத்துக்கும் சுவர். 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு ஒரகடம் வளர்ந்தது. சாலையோர நிலமெல்லாம் கைமாறியது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் தன் நிலத்துக்கு எப்படிப் போவது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இவை ஏரிப் பாசன ஊர்கள். அறுப்பு முடிந்ததும் முன் வயல்காரர் நிலத்தின் மேலேயே பின் வயல்காரரின் வண்டி போகும், களத்துக்கு நெல் வரும். பழைய கிரயப் பத்திரங்களின் கடைசியில் மாமூல் வழிநடை, வண்டிப்பாதை பாத்தியங்கள் சகிதம் என்று ஒரு வரி வரும். எத்தனை அடி அகலம், எந்தப் புல எண் வழியாக என்று இருக்காது. எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது கண்ணெதிரே தெரிந்த பாதை. இன்று அந்த நிலத்தை வாங்குகிற நிறுவனத்துக்கு அது தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது புல வரைபடமும் 'அ' பதிவேடும். அங்கே வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அடைத்தது யாராக இருந்தாலும் ஆக்கிரமிப்புதான், வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பாதை ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் போகிறதென்றால் கதை வேறு. அங்கே வழி உரிமை உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது உரிமையியல் நீதிமன்றம். இது தெரியாமல் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு மேல் மனுவாகக் கொடுத்து வருடங்களைக் கழிக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் யாராவது நேராகச் சொல்லியிருக்கலாம்.

இதற்கான சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அது முதலில் நடைமுறைக்கு வந்த சில பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. “என் நிலத்துக்கு வேறு வழியே இல்லை, அதனால் பக்கத்து நிலக்காரர் வழி விட்டுத்தான் ஆக வேண்டும்” என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்திருந்தால்தான் அவசியத்தால் வரும் வழி உரிமையைக் கேட்க முடியும். அப்போதும் வேறு வழி எதுவும் இருக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது: சற்றுச் சுற்றிப் போகிற மாற்றுவழி இருந்தாலும் அவசியம் என்ற வாதம் நிற்காது. அவசியம் தீர்ந்த அன்று அந்த உரிமையும் தீரும். ஆனால் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாதை அப்படி அழியாது. 2006-இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் அதே நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

எழுத்தும் இல்லை, இரண்டு நிலமும் ஒரே கையில் இருந்ததும் இல்லை என்றால் மிச்சமிருப்பது நெடுங்கால அனுபோகம். 20 ஆண்டு, வெளிப்படையாக, சண்டையின்றி, தடையின்றி, உரிமையாக நடந்திருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டு. பெரும்பாலான வழக்குகள் சரிவது ‘உரிமையாக’ என்ற இடத்தில்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாதாரணமாகக் கேட்பார்: “அவங்க சம்மதத்தோடதானே போனீங்க?” சாட்சி சொல்லும் பெரியவர் பெருமையாகச் சொல்வார்: “ஆமாங்கய்யா, அண்ணன் தம்பியா பழகினோம், ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வண்டிய ஓட்டுவோம்.” அந்த ஒரு பதில் போதும். கேட்டுப் போனது அனுமதி. அனுமதியை, சில விலக்குகள் தவிர, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். யாரையும் கேட்காமல் 20 ஆண்டு போனவருக்கு உரிமை கிடைக்கிறது, மரியாதைக்குக் கேட்டுப் போனவருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது உறுத்துகிறது. ஆனால் மறுபக்கமும் நின்று பாருங்கள். நல்ல மனத்தோடு வழி விட்டவர் அதனாலேயே தன் நிலத்தின் ஒரு பகுதியில் கட்டுண்டு போனால், நாளைக்கு எவரும் எவரையும் உள்ளே விட மாட்டார்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. அந்தப் பாதை நிலமே எங்களுடையது, இல்லாவிட்டால் வழி உரிமையாவது தாருங்கள் என்று ஒரே மூச்சில் வழக்குப் போடுவது. தன் சொந்த நிலத்தில் தனக்கே வழி உரிமை இருக்க முடியாது. இரண்டில் எது என்று வழக்குரையில் தெளிவாகச் சொல்லி, அதற்கான ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்தத் தொழில் வட்டாரத்தில் சிக்கல் எதிர்த்திசையிலும் வருகிறது. பின் வயல்காரருக்கு உண்மையாகவே வண்டிப்பாதை உரிமை இருக்கிறது. அவர் வயலை விற்றுவிட, அது 40 மனையாகிறது அல்லது கிடங்காகிறது. மாட்டு வண்டி போன தடத்தில் டிப்பர் லாரி வருகிறது. ஒரு வகை வழி உரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்கிறது 28-ஆவது பிரிவு. நிலத்தைப் பிரித்து விற்றாலும், வழி கொடுத்தவர் மேல் சுமை கணிசமாகக் கூடக் கூடாது. இங்கே முன் நிலக்காரர் மறிப்பதில் நியாயம் உண்டு. மனை வாங்குகிறவர்கள்தான் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, பாதை எந்தத் தகுதியில் வந்தது என்று கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் பின் அவை பொதுச் சாலை. ஆனால் அந்தச் சாலை உங்கள் எல்லையைத் தொடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். நடுவே ஓரடிப் பட்டை தனியார் பெயரில் நின்றாலும் வாசல் வைக்க முடியாது.

பாதையைப் பூட்டிவிட்டார்கள், கைகலப்பு வரும் நிலை என்றால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் தலையிடலாம். நமக்கு ஸ்ரீபெரும்புதூரில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அந்தத் தலையீட்டுக்கு இடம் தருவது 166-ஆவது பிரிவு. ஆண்டு முழுதும் போகிற வழியானால், நடுவருக்குத் தகவல் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதில் போயிருக்க வேண்டும். அறுப்புக்கு மட்டும் போகிற வழியானால் கடைசிப் பருவத்தில் போயிருந்தால் போதும். அது அமைதி காக்கும் ஏற்பாடு மட்டுமே, உரிமையைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கேயும் கெடு உண்டு. 20 ஆண்டு அனுபோகம் என்பது, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். சுவர் எழும்பிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் பேசட்டும், இரண்டு ஆண்டு தாண்டவிடாதீர்கள்.