கூடிப் பாடுவோம், கூடியே கற்போம்
(யூபிலி விழாவையொட்டி, பெரியவர்களுக்கான மாலைப் பாடல் வகுப்பில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் கொடியும் தேரும் மின்விளக்கும் மட்டும் அன்று. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திருப்பலியில் பாடுவது யார்? ஒலிபெருக்கி முன் நிற்கும் நாலு பேர் பாடுகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நாலு பேரும் படிப்பு முடிந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விட்டால் மௌனந்தான் மிஞ்சுகிறது. அடக்கத் திருப்பலியில்கூட ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க ஆளின்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஆகவேதான் நாற்பதையும் ஐம்பதையும் கடந்த நாமே கிட்டாரைக் கையில் எடுத்திருக்கிறோம்.

கோயிலுக்குள் கிட்டாரா என்று கேட்பவர் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்தது. அதோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்றது. மக்கள் முழுமனத்தோடு பங்குபெற வேண்டும் என்பதே அந்த ஏட்டின் உயிர்மூச்சு. உலகமெங்கும் பாடப்படும் 'சைலண்ட் நைட்' பாடலும் கிட்டாரோடு பிறந்ததே. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில், யோசேப் மோர் என்ற இளங்குரு கிட்டார் மீட்டிப் பாட, மெட்டமைத்த ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவியர் க்ரூபர் உடன் பாடினார்.

"இந்த வயதிலா?" என்பீர்கள். நம் அரியலூர்ச் சீமையின் ஏலாக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் 1710-இல் இந்தியா வந்தார். முப்பது வயதில் வந்தவர் அதன் பின்னரே தமிழைக் கற்றார்; மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி பாடினார்; ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் சூட்டினார். அவர் கற்றது ஒரு மொழி முழுவதும். நமக்கு முன் இருப்பவை ஆறே தந்திகள்.

இனிக் கற்கும் வழியைப் பார்ப்போம். முதலில் கைத்தாளம், பிறகு வாய்ப்பாட்டு, அதன் பின்னரே தந்தி. ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் கைவந்தால் எளிய மெட்டுள்ள பாடல்கள் பலவற்றைப் பாடிவிடலாம். தொடக்கத்தில் விரல் நுனி எரியும்; சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். பெரம்பலூர்க் காட்டில் பருத்தி எடுத்த விரலுக்கும் வெங்காயம் அறுத்த விரலுக்கும் அது ஒரு பொருட்டா? அந்தக் கைகளுக்கு வலியைவிட விறைப்பே இடைஞ்சல். அதற்கு மருந்து, வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அன்று. நாள்தோறும் கால் மணி நேரம். சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும் இது இயலும்.

சுருதி சேர்க்காமல் தொடங்காதீர்கள். பாட்டு தொண்டைக்கு எட்டாவிட்டால் தொண்டையை வருத்த வேண்டாம். கேப்போ என்ற கவ்வியை ஒரு கட்டை நகர்த்தினால் அரைச் சுரம் ஏறும் அல்லது இறங்கும். கருவிதான் மக்களின் குரலுக்கு இறங்கி வரவேண்டும். இராகத்தில் அமைந்த நம் பழைய பாடல்களுக்குக் கார்டுகளைத் திணிக்காதீர்கள். கமகம் குழையும் இடத்தில் அவை முரணும். அங்கே சட்சமும் பஞ்சமமும் மட்டும் தம்பூராவைப் போல் ஒலித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கும் அளவுக்கே நம் குரல் உயரட்டும். கூடிப் பாடுவதன் அறம் அதுதான். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன இருவர் ஒரே சுருதியில் நின்று பாட வேண்டுமானால், ஒருவர் மற்றவரைக் கேட்டே ஆகவேண்டும். கேட்கத் தொடங்கிய இடத்தில் சமாதானத்துக்கும் வழி பிறக்கும்.

இனி ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் பாடகரைத் தேடி ஓடாமல், அந்தத் தெருவே பாடட்டும். யூபிலி ஆண்டில் நம் பங்குக்கு இதைவிட நிலைத்த நினைவுச்சின்னம் வேண்டுவதில்லை. தயங்கி வாசலில் நிற்போரே, உள்ளே வாருங்கள். இறைவன் நம் நாவையும் விரலையும் நெஞ்சையும் ஆசீர்வதிப்பாராக!