நெகடிவ் சொல்லும் பாடம்

மாணவர்களே! கைப்பேசி இருக்கப் பிலிம் காமிரா எதற்கு என்பீர்கள். கைப்பேசி உங்கள் பிழையைச் சொல்லாமலே திருத்திவிடுகிறது; பிலிமோ அதை அப்படியே காட்டும். சுருளுக்கு 36 படங்கள்தாம், விலையும் மிகுதி. எனவே முன்னதாகவே ஒளியை மதிப்பிட வேண்டும். நல்ல வெயிலில், 100 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு லென்ஸ் துவாரம் 16, நேரம் விநாடியில் 125இல் ஒரு பங்கு. நிழலில் அவ்வெண்ணைக் குறைத்துத் துவாரத்தை அகலமாக்குக.

அடுத்தது இருட்டறை. செவ்விளக்கு அச்சுத்தாளுக்கே உரியது. பிலிமைத் தொட்டியில் ஏற்றும்போது விரல்களே கண்கள். டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருப்பது நன்று. நம் சித்திரையில் ஐஸ் நீரின்றி அது நடவாது! பின்பு ஹைப்போ. வெள்ளி உப்பைக் கரைக்கும் அதன் இயல்பை ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார்.

கழுவி உலர்த்திய நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நிழற்பகுதிகள் வெறும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் ஒளி போதவில்லை. அடுத்த சுருளில் துவாரத்தை ஒரு படி திறவுங்கள்.