படைக்கு முந்துவோர் பந்திக்குப் பிந்துவதேன்?

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது பழமொழி. வன்னிப் பெருநிலத்தின் தற்காப்புக் கலைக் கழகங்கள் சிலவற்றில் இது தலைகீழாகி நிற்கின்றது. கராத்தே, குத்துச்சண்டை, சிலம்பம் ஆகியவற்றைப் பயிலும் பிள்ளைகள், பயிற்சி நாளன்று ஆசிரியருக்கு முன்னரே மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதே கழகம் ஓர் ஒன்றுகூடலுக்கு அழைத்தாலோ, பொதுநோக்கு மண்டபத்திற் போட்ட கதிரைகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. இதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

'பயிற்சிக்கு வந்தாற் போதாதா, விருந்துக்கும் வரவேண்டுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். போதாது என்பதே என் விடை. களத்தில் இருவர் வணங்குகிறார்கள், மோதுகிறார்கள், மீண்டும் வணங்கிப் பிரிகிறார்கள். அங்கே பேச்சுக்கு இடமில்லை. தன் கையை மற்றவன் மடக்கிப் பிடிக்க மனமொப்பிக் கொடுப்பதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை ஒருவரையொருவர் அறிந்து பழகுவதால் வளர்வது. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் மீளக் குடியேறிய ஊர்களில், அயலவர் யாரென்பதையே புதிதாக அறிந்துகொள்ள வேண்டியிருந்த குடும்பங்கள் உண்டு. அத்தகைய ஊர்களில் இந்தப் பழக்கம் இன்னும் பெரிய தேவை.

மற்றொரு காரணமும் உண்டு; அது பெண்பிள்ளைகளைப் பற்றியது. 2022 ஆம் ஆண்டு தை மாதத்திற் பாகிஸ்தானின் லாகூர் நகரில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில், முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கப் பதக்கம் பெற்றார். வன்னி முழுவதும் மகிழ்ந்தது. ஆனால், பயிற்சிக்குப் புறப்படும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்குப் பின்னாலும், 'பொழுது பட்டபின் யாருடன் திரும்பி வருவாள்?' என்று வாசலில் நின்று கலங்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அந்தத் தாய் ஆசிரியரையும் சக மாணவரின் பெற்றோரையும் நேரிற் கண்டு பேசக்கூடிய இடம் ஒன்றுகூடலே. அங்கு அவள் வராவிட்டால், சில மாதங்களில் மகளும் பயிற்சிக்கு வராமற் போகக்கூடும்.

இனி, வராமைக்குரிய காரணங்களைப் பார்ப்போம். முதலாவது காலம். பெரும்போக அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கின்றது. அருவி வெட்டுக்கு ஆள் தேவைப்படும் நாளில் விருந்து வைத்தால், வயற்காரர் வீட்டுப் பிள்ளை வரமாட்டான். இரண்டாவது தூரம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கடைசிப் பேருந்து போய்விட்டால் உட்கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? மூன்றாவது பணம். தலைக்கு இவ்வளவென்று அறவிட்டால், இரண்டு பிள்ளைகளை அனுப்பும் வீடு ஏதாவதொரு சாட்டுச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். கையில் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாது.

இவற்றிலும் பெரிது நான்காவது காரணம். வருபவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. பிரமுகர்கள் பேசுவார்கள், மூத்த மாணவர்கள் பரிசு பெறுவார்கள். நேற்றுச் சேர்ந்த வெள்ளைப் பட்டி மாணவன் கை தட்டிவிட்டு வீடு திரும்புவான். மறுமுறை அவனை எப்படி எதிர்பார்க்கலாம்?

பரிகாரத்தைத் தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலைப் பாருங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன்னரே பாக்குத்தெண்டல் என்னும் சடங்குடன் ஆயத்தம் தொடங்கிவிடுகின்றது. பின்னர் சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீரைக் கொண்டு முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கெரிக்கிறார்கள். அதன் பின்னரே வற்றாப்பளையிற் பொங்கல். ஓரிடத்து விழாவில் பல ஊர்களுக்குப் பங்குண்டு. பங்குள்ள இடத்துக்கு எவரும் அழைப்பிதழுக்காகக் காத்திருப்பதில்லை.

தற்காப்புக் கலை உலகிலும் இதற்கொப்பான முறை உண்டு. யூடோக் கலையை வகுத்த யப்பானியப் பேராசான் கானோ ஜிகோரோ, 1882 ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு கோவிலின் சிறு மண்டபத்திலே கொடோகான் பயிற்சிக்கூடத்தை ஒன்பது மாணவர்களுடன் தொடங்கினார். 1884 ஆம் ஆண்டிலிருந்து, புத்தாண்டு பிறந்ததும் அங்கே ஒரு விழா நடந்துவருகின்றது. முதலிற் பயிற்சி, கலைக் காட்சி. அது முடிந்ததும், செம்பயற்று இனிப்புக் கஞ்சியில் அரிசிப் பண்டம் இட்டு எல்லோரும் உண்பார்கள். நம் தைப்பொங்கலை ஒட்டிய நாள்களிலேயே அதுவும் வருகின்றது. பயிற்சியும் பந்தியும் அங்கு ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

நம் கழகங்கள் இந்த இரண்டு பாடங்களையும் ஏற்கலாம். ஒன்றுகூடலைத் தனி நாளில் வைக்காமல், மாதத்தில் ஒரு பயிற்சி நாளின் முடிவில் வைக்கட்டும். அறுவடை முடிந்தபின் பெரிய விழாவை நடத்தலாம். அதையும் பகலிலே தொடங்கி, கடைசிப் பேருந்துக்கு முன் முடிக்கவேண்டும். பணம் அறவிடுவதற்குப் பதிலாக, ஒரு வீடு அரிசி, ஒரு வீடு தேங்காய், கடற்கரை வீடு மீன் என்று இயன்றதைக் கொண்டுவரச் சொல்லலாம். ஒன்றும் இயலாத வீட்டுக்கு அடுப்பு மூட்டும் பொறுப்பைக் கொடுத்தால், அந்த வீட்டாரும் தலைநிமிர்ந்து வருவார்கள். புதிய மாணவனுக்குப் பந்தி பரிமாறும் வேலை. அவனுக்குப் பரிமாறும் வேலை மூத்த மாணவனுக்கு. தாய்மாரின் முன்னிலையில் பிள்ளைகள் கற்றதைச் செய்துகாட்டட்டும். சொற்பொழிவு ஒன்று போதும்; அதுவும் சுருக்கமாக இருக்கட்டும்.

அழைப்பைக் கைத்தொலைபேசிச் செய்தியோடு நிறுத்தாமல், வீட்டுப் படலைக்குச் சென்று சொல்லவேண்டும். வராதவரை மறுவாரம் கடிந்துகொள்ளலாகாது. 'உங்கள் பங்கு சோறு மிஞ்சிவிட்டது அம்மா, பிள்ளைக்குச் சுகமில்லையோ?' என்று ஒருவர் போய் விசாரித்தால், அடுத்த முறை அந்த வீட்டார் தாமாகவே வருவார்கள்.

கழகத்தின் வலிமையை வென்ற பதக்கங்களை வைத்து மட்டும் அளக்க முடியாது. போட்டியில் தோற்று வரும் பிள்ளைக்கும் பந்தியில் ஓர் இடம் காத்திருக்குமானால், அந்தப் பிள்ளை மறுநாளும் களத்துக்கு வரும்.