கம்ப்யூட்டர் கணக்கெழுதட்டும், கதவை அடைக்க வேண்டாம்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுகாதாரத் திட்டங்கள் எல்லாம் இன்று செல்போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்விட்டன. இதனால் உழைக்கும் மக்களுக்கு லாபமா, நட்டமா? காசநோயை வைத்து இதைப் பார்க்க விரும்புகிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் நமக்கு அது அயலார் வீட்டு நோய் அல்ல.

காசநோய் ஆராய்ச்சியில் நம் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும் குணமாகிறார்கள் என்று உலகுக்குக் காட்டியது. ஏழையும் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் வைத்தியம் பார்க்க வழி பிறந்தது.

அந்த நிலையமும் சேர்ந்து நடத்திய இன்னொரு ஆராய்ச்சி 2023-இல் வெளிவந்தது. மங்களூர் யெனபோயா மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முதலியோர் ஜார்க்கண்டில் நடத்தியது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதியில் மட்டும் அவர்கள் வீட்டாருக்கும் மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்ததில், வீட்டாருக்கும் உணவு கிடைத்த இடத்தில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! பசிதான் இந்த நோய்க்குப் பாய் விரிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நோயாளியின் சத்துணவுக்கு மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வீட்டில் மற்றவர்கள் வயிற்றுக்கு இது போதாது என்பது வேறு விஷயம். இந்தப் பணமாவது கைக்கு வருகிறதா? 2012-இல் தொடங்கிய 'நிக்ஷய்' என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் பெயர் ஏறி, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் நகரும்.

இங்கேதான் நம் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஆதாரில் 'மா. முருகன்' என்றிருக்கும், வங்கியில் 'முருகன் மாரிமுத்து' என்றிருக்கும். நமக்கு இனிஷியல், இந்த ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆள்! ஆதார் வழியாக வரும் பணமோ, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். ஊரில் திறந்து மறந்த கணக்கில் பணம் கிடக்கும். இங்கே நோயாளி கஞ்சிக்குக் காத்திருப்பான்.

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதி வைத்தியத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுவே துணை. பெயரை இங்கிருந்து அங்குள்ள நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு மருந்தைத் தொடரலாம். ஆறு மாத மருந்தை இடையில் விட்டவருக்கு நோய் முரண்டு பிடிக்கும். ஆகவே மூட்டை கட்டுமுன் நிக்ஷய் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாம் எதிர்ப்பது, பதிவேடு காவற்காரனாக மாறுவதை! 2021 மே முதல் தேதி, 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கொரோனா தடுப்பூசி திறந்தபோது, இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். அந்த 'கோவின்' தளம் அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. விரல் வேகமுள்ளவனுக்கு ஊசி. மூட்டை தூக்குகிறவனுக்கு ஏமாற்றம். செல்போன் இல்லாதவன் கதி என்ன என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, நேரில் வந்தாலும் பதியலாம் என்று விதி தளர்ந்தது. கேட்டதால்தான் கதவு திறந்தது, தோழர்களே!

நான் வேலை பார்க்கும் ரயில்வேயைப் பாருங்கள். 2002-இல் இணையத்தில் டிக்கெட் வந்தது. அதற்காக ஸ்டேஷன் கவுண்டரை மூடிவிடவில்லை. படிவம் எழுதி, வரிசையில் நின்று, காசு கொடுத்தவனும் அதே வண்டியில்தான் ஏறுகிறான். டிக்கெட்டுக்கு இரண்டு ஜன்னல் இருக்கலாமென்றால், உயிருக்கு இருக்கக் கூடாதா?

ஆகவே மாநகராட்சியிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பெயர் பொருந்தாவிட்டால் திருத்தும் பொறுப்பை அந்த நிலையமே ஏற்க வேண்டும். பணம் நின்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கணக்குத் தகராறு தீரும்வரை உணவுப் பொருளாகக் கொடுக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஞாயிறு தோறும் காலையில் சங்க அறையில் ஒரு மேசை போடுவோம். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்காரட்டும். ஆதார், பாஸ்புக், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து மனு எழுதிக் கொடுப்போம். நோயாளியின் பெயர் அந்த மேசையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வெட்கப்பட்டு மறைத்த வீட்டில்தான் நோய் பரவுகிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைப் பரிசோதியுங்கள். பணம் தடைப்பட்டால் சங்கத்துக்கு வாருங்கள்.