மாணவர் பேரவையும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"உயர்கல்வியில் நம் இளைஞர்" என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். உதவித்தொகை, விடுதி, போட்டித் தேர்வு ஆகியவற்றை எனக்கு முன்னர்ப் பேசிய நண்பர்கள் நன்கு விளக்கிவிட்டனர். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஒருவரும் தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அது கல்லூரி மாணவர் பேரவை.

"அது வம்புக்காரர் வேலை, நீ படிக்கிற வேலையைப் பார்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவர். என் தந்தையாரும் அதையே கூறினார். அவர் சொல்லைக் கேளாமல், 1988ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு படித்தபோது, பேரவையின் இணைச் செயலாளர் பதவிக்கு வேட்புமனு கொடுத்தேன். நான் தங்கியிருந்தது ஆதிதிராவிடர் நல விடுதி. 2025 முதல் அவ்விடுதிகள் சமூகநீதி விடுதி என்று பெயர் பெற்றுள்ளன. விடுதி மாணவர்கள் அனைவரும் எனக்கு வாக்களிப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. என் பெயருக்கு நேரே "கட்டணம் நிலுவை, மனு தள்ளுபடி" என்று எழுதியிருந்தது.

நிலுவை என்னுடையதன்று. உதவித்தொகை அரசிடமிருந்து இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் கேட்டேன். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான் தம்பி" என்றார் எழுத்தர். அவர் பொய் சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் உதவித்தொகையை நம்பிப் படித்தவர்கள் மட்டுமே அதில் தடுக்கி விழுந்தோம். அடுத்த வாரம் களத்தில் நின்ற இருவரும் விடுதிக்கு வந்து, என் தோளில் கை போட்டு, "உங்க விடுதி ஓட்டெல்லாம் நமக்குத்தான்" என்றார்கள். வாக்குக் கேட்க நாங்கள் வேண்டும், மேடையில் அமர வேண்டாம். இதில் என் தவறும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததற்குச் சான்று இணைத்து, மனுவை மறுபரிசீலனை செய்யுமாறு முதல்வருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அழுதுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இதனை இன்று ஏன் கூறுகிறேன் எனில், விதி மாறியிருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகம் ஒரு தரப்பாகவும் அம்மாநிலக் கல்லூரி முதல்வர்கள் குழு மறு தரப்பாகவும் நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் மாணவர் தேர்தலை ஆராய ஒரு குழு அமைக்கச் செய்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ அதன் தலைவர். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. 2006 செப்டம்பர் 22இல் அதனைப் பின்பற்றுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

அவ்வறிக்கையை நம் பிள்ளைகள் படித்திருக்க வேண்டும். ஒரு வேட்பாளர் ரூபாய் 5,000க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஒட்டலாம். ஒலிபெருக்கி, ஊர்தி கூடாது. அரசியல் கட்சியிடம் பணம் பெறக் கூடாது. முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இவை யாவும் கைப்பொருள் இல்லாதவனுக்குத் துணை. என் காலத்தில் மகிழுந்து ஊர்வலம் நடத்தியவர்களோடு நான் எவ்வாறு போட்டியிட்டிருப்பேன்?

ஆனால் அதே அறிக்கையில் நம்மைத் தடுக்கும் வரிகளும் உள. இளங்கலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருத்தல் வேண்டும். வருகைப் பதிவு நூற்றுக்கு 75 வேண்டும். பாடத்தில் நிலுவை இருத்தல் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு திருப்பூருக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்து சேரும் பிள்ளைக்கு மூன்றாமாண்டில் வயது கடந்துவிடக்கூடும். பருத்தி எடுப்புக் காலத்தில் வீட்டுக்கு வந்து நிற்பவனுக்கு வருகை குறையும். ஆதலின், நிற்க எண்ணுவோர் முதலாண்டிலேயே இவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே இல்லை, மதிப்பெண் பார்த்து நியமிக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். நியமன முறை மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதாக இருத்தல் ஆகாது என்றும், ஐந்தாண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் அந்த அறிக்கையே கூறுகிறது. ஐந்தாண்டு 2011இலேயே முடிந்துவிட்டது. சாப்டூர் மலைக்கு அப்பால் கேரளத்தில் இளங்கலை மாணவரும் வாக்களித்துக் கல்லூரிப் பேரவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் அனுப்பும் உறுப்பினர்கள் கூடிப் பல்கலைக்கழகப் பேரவையை அமைக்கிறார்கள். அங்கு முடிவது இங்கு ஏன் முடியாது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த 2006ஆம் ஆண்டு நம் மாவட்டத்துக்கு மறக்க முடியாத ஆண்டு. நமக்கு அருகில் உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் தலைவர் பதவி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டும், 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் அமர முடியவில்லை. மனுக் கொடுக்க ஆளில்லை, கொடுத்து வென்றவரும் உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில்தான் அங்குத் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்தாண்டுச் செய்திகளை நாளிதழில் படிக்குந்தோறும் எனக்கு என் அறிவிப்புப் பலகை நினைவுக்கு வரும். ஊராட்சி எங்கே, கல்லூரிப் பேரவை எங்கே என்று நீங்கள் நகைக்கலாம். மனுவில் கையெழுத்திடும்போது நடுங்கும் கை இரண்டிடத்தும் ஒரே கைதான்.

பக்கத்து விருதுநகரில் 1967இல் காமராசரை 1,285 வாக்குகளில் வென்ற பெ. சீனிவாசன், மாணவர் போராட்டத்தில் பெயர் பெற்ற இளைஞர். மாணவர் மேடையிலிருந்து சட்டமன்றம் ஏறியோர் பலர். அம்மேடைக்குப் பந்தற்கால் நட்டவர்களில் நம்மவர் எத்தனை பேர், அதன் மேல் செயலாளராக அமர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு 2024 மார்ச்சில் கயையைச் சேர்ந்த தனஞ்செய் என்ற தலித் ஆய்வு மாணவர் தலைவரானார். அதற்கு முந்திய தலித் தலைவர் 1996இல். முற்போக்கானது என்று பெயர் பெற்ற இடத்திலேயே இவ்வளவு இடைவெளி!

அண்ணல் அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அங்கே மாணவர் பாராளுமன்றம் ஒன்று நடந்தது. அவரும் அதில் உரையாற்றியிருக்கிறார். தீர்மானம் முன்மொழிவதும் மறுத்துப் பேசுவதும் அவருக்குப் பாடத்துக்குப் புறம்பான வேலையாகத் தோன்றவில்லை.

இளைஞர்களே, தலைவர் பதவிக்கே ஆசைப்படாதீர்கள். மாலை சூடுவது தலைவர். பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது பொருளாளர். என்ன முடிவாயிற்று என்று எழுதுவது செயலாளர். இலக்கிய விழாவுக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவு, பெண்கள் ஓய்வறைக்கு எவ்வளவு என்று கேட்கும் நாற்காலி பொருளாளருடையது. இன்னொன்று. பேரவைக் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தால், திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக வீடு திரும்பும் நம் பேரையூர்ப் பெண்பிள்ளை எவ்வாறு இருப்பாள்? அதைப் பகல் இடைவேளைக்கு மாற்றச் சொல்வதையே முதல் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

வேட்புமனு, மறுபரிசீலனை மனு, தகவல் கேட்கும் மனு எதுவாயினும் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலையில் கழக அலுவலகத்துக்கு வரலாம். நான் இருப்பேன். வரும்போது கல்லூரிக் கட்டண ரசீதையும் உதவித்தொகை விண்ணப்ப நகலையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.