மூன்று குரலில் பேசும் கிற்றார்
(இசையறைக்குக் கிற்றார் கையளிக்கப்பட்ட நிகழ்வில் வைத்தியர் ஒருவர் தமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் இசையறைக்கு ஒரு மின்கிற்றாரையும் அதனோடு இயங்கும் சிந்தசைஸர் பெட்டியையும் இன்று கையளிக்கிறோம். கனடாவில் வாழும் எங்கள் தோழிகள் வாங்கி அனுப்பியவை இவை. கிற்றார் அந்நாட்டின் கொடின் நிறுவனத் தயாரிப்பு. "இந்தக் காசுக்கு நாலைந்து சாதாரணக் கிற்றார் வாங்கலாமே" என்று எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் கண்ட விடையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இந்தக் கிற்றாருக்கு மூன்று குரல்கள் உண்டு. முதலாவது, மின்கிற்றாரின் வழமையான குரல். காந்தத்தின் மேல் உருக்குக் கம்பி அதிரும்போது கீழேயுள்ள சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்ட தத்துவம் இது. தேயிலைத் தொழிற்சாலையின் ஜெனரேற்றரும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

இரண்டாவது, மரக்கிற்றாரின் குரல். கம்பிகள் தாங்கி நிற்கும் பாலத்தில் சிறிய படிகங்கள் இருக்கின்றன. அவை அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும். பியர் கியூரியும் அவரது அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டறிந்த பண்பு அது. வைத்தியர்களான எங்களுக்கு இது பழகிய சங்கதி. கர்ப்பிணித் தாயின் வயிற்றில் நாங்கள் வைக்கும் ஸ்கான் கருவியின் முனையிலும் இதே பண்புள்ள பொருள்தான் இருக்கிறது. அங்கே குழந்தையைக் காட்டுகிறது, இங்கே மரத்தின் நாதத்தைத் தருகிறது.

மூன்றாவதுதான் புதுமை. ஆறு கம்பிகளின் அதிர்வும் தனித்தனியாகப் பதின்மூன்று ஊசிகள் கொண்ட ஒரு வயர் வழியே சிந்தசைஸர் பெட்டிக்குப் போகின்றன. எந்தக் கம்பியில் எந்தச் சுரம் என்று பெட்டி அறிந்து, அதே சுரத்தைப் புல்லாங்குழலாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்கிறது. ஜப்பானின் றோலண்ட் நிறுவனம் 1977இலேயே கிற்றார் சிந்தசைஸரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

மாணவிகள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி கம்பியின் அதிர்வை அளந்துதான் சுரத்தை அறிகிறது. மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 82 தடவை அதிரும், மிக மெல்லியது 330 தடவை. ஆகவே தடித்த கம்பியில் ஒரு சுற்று முடியவே 12 மில்லிசெக்கன் ஆகிறது. சிந்தசைஸர் ஒலி அங்கே சற்றுப் பிந்தி வரும். விரல் பக்கத்துக் கம்பியில் தவறுதலாகப் பட்டால் அந்தச் சத்தத்தையும் பெட்டி ஒரு சுரமாகவே எடுத்துக்கொள்ளும். எனவே இந்த வாத்தியம் பயிற்சியைக் குறைக்காது, இன்னும் சுத்தமான விரலைக் கேட்கும்.

இப்படிப்பட்ட கருவிகளின் கதையில் நம் நாட்டில் வளர்ந்த ஒருவருக்கும் பங்குண்டு. வயலின் வித்துவான் எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவரது தந்தை வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் போனது. சங்கர் பின்னாளில் ஜோன் மக்லாக்லினுடன் சக்தி குழுவில் வாசித்தார். டபிள் பேஸ் முதல் வயலின் வரையான குரல்களை ஒருவரே வாசிக்கத்தக்க பத்துக் கம்பி இரட்டை வயலின் ஒன்றையும் வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்தவர் அமெரிக்கரான கென் பார்க்கர். அதே பார்க்கர் 1993இல் வெளியிட்ட 'பிளை' என்ற கிற்றார், மின்கிற்றாரின் குரலையும் மரக்கிற்றாரின் குரலையும் ஒன்றாகத் தந்து பெயர் பெற்றது.

மின்கிற்றாரில் நம் கமகம் வருமா என்று கேட்பவர்களுக்கு இராணிப்பேட்டை பிரசன்னாவே பதில். கர்நாடகக் கச்சேரியை மின்கிற்றாரில் வாசிப்பவர் அவர். உதட்டுப் பிளவு அறுவைச் சிகிச்சையைப் பற்றி எடுக்கப்பட்டு, 2009இல் ஒஸ்கார் பெற்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசையமைத்தவரும் அவரே.

இனி விடைக்கு வருவோம். எங்கள் காலத்தில் கலைவிழா என்றால் நாங்கள் பாடுவோம், கிற்றாரும் ஓர்கனும் வாசிக்க வெளியிலிருந்து ஆண்கள் வருவார்கள். வாத்தியம் எங்களுக்கு உரியது அல்ல என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்கு அது விளங்கியிருந்தது. இனி நம் மேடையின் இசை நம் பிள்ளைகளின் கையிலேயே இருக்க வேண்டும். குழலும் வயலினும் தனித்தனியே வாங்கி, தனித்தனி ஆசிரியர்களைத் தேட வசதியில்லாத பாடசாலைக்கு இந்த ஒரு கருவி பெரிய துணை. ஹெட்போன் போட்டால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவில்லை. பசறைக்கும் மடுல்சீமைக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளை பின்னேர வகுப்புக்கு நிற்க முடியாது. அவளுக்கு இடைவேளையில் இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும்.

ஆகவே அதிபர் அவர்களிடம் எங்கள் ஒரே வேண்டுகோள்: இதை அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். விழாவுக்கு மட்டும் எடுத்துத் துடைத்து வைக்கும் பொருளாக இதை ஆக்க வேண்டாம். கீறல் விழட்டும், கம்பி அறுந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம். வாசிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் தோட்டப் பிள்ளைகளின் பெயர் முதலில் இருக்கட்டும்.

மாணவிகளுக்கு வைத்தியர்களாகச் சில வார்த்தைகள். தொடக்கத்தில் விரல் நுனி நோகும், சில வாரங்களில் தோல் தடித்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் மணிக்கட்டு வலித்தாலோ விரல் விறைத்தாலோ நிறுத்துங்கள். ஹெட்போனின் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. நமுனுகுலையிலும் ஸ்பிரிங்வெலியிலும் உங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த தாலாட்டுகள் இருக்கின்றன. மாசியில் தப்பு அடித்துப் பாடும் காமன் கூத்துப் பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு, மனப்பாடம் செய்து வாருங்கள். பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருந்தாலும் அந்தப் பாட்டுகள் அதற்குள் இல்லை. அவற்றை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.