கடைசிக் கையெழுத்தில் ஊர்ப்பிள்ளைக்கும் ஒரு பங்கு

நடுவர் அவர்களே, உயிலில் ஊர்ப்பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரு பங்கு எழுதவேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணி ஐயா ஒரு கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். "கொடுக்கிறவன் இருக்கும்போதே கொடுக்கட்டும். செத்த பிறகு கொடுப்பது என்ன கொடை?" நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா யாரை மனசில் வைத்துப் பேசினார்? அழகப்பச் செட்டியாரை! காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் உயிரோடு இருக்கும்போதே எடுத்துக் கொடுத்த மனிதர் அவர். கும்பிட வேண்டியவர்தான். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா?

நம் தெருவில் இருப்பவர் ரிட்டயர்டான டீச்சரம்மா. சொத்து என்று சொல்ல, கடனைக் கட்டி முடித்த ஒரு வீடு. மாதம் பிறந்தால் மருந்துக்கடை, கரண்டு பில், பேத்திக்குச் செய்முறை. அந்த வீட்டை இன்றைக்கே ஊருக்குக் கொடுங்கள் என்றால் அவர் எங்கே போய்ப் படுப்பார்? கொடுக்க மனசு இருக்கிறது, கொடுத்துவிட்டு வாழ வழி இல்லை. உயில் இவருக்காகத்தான் இருக்கிறது, ஐயா! கடைசி மூச்சுவரை வீடு அவருடையது. செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் லேசில் திரும்ப வாங்க முடியாது. உயிலோ, மனசு மாறினால் நாளைக்கே ரத்து செய்யலாம், புதிதாக எழுதலாம். நடுத்தரக் குடும்பத்து மனுஷி பயமில்லாமல் கொடுக்கக்கூடிய பெரிய கொடை இது ஒன்றுதான்.

"பெற்ற பிள்ளை வாயில் மண்ணா?" என்று எதிரணித் தங்கை கண்கலங்கக் கேட்டார். வீட்டையே எழுதச் சொல்லவில்லையம்மா. 40 லட்சத்து வீட்டில் இருபதில் ஒரு பங்கு, 2 லட்சம். முதலைத் தொடாமல் 6 சதவீத வட்டி என்றாலும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஐடிஐயில் சேர்ந்த ஒரு பிள்ளைக்குப் பஸ்ஸும் புத்தகமும் ஆயிற்று. மீதி 38 லட்சம் மகனுக்கும் மகளுக்கும். அது போதாது என்று சண்டை போடுகிற பிள்ளைகள் 40 கொடுத்தாலும் போடுவார்கள்.

சரி, மூன்றாவது அம்பு. "உயில் என்றாலே கோர்ட்டு." உண்மை, மறுக்க மாட்டேன். பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். துபாஷியாக, அதாவது மொழிபெயர்க்கும் தரகராக, சம்பாதித்தவர், 1794இல் உயில் எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு, நாற்பது வயதில், போய்ச் சேர்ந்தார். அவர் எழுதியதெல்லாம் கோயில் கட்டளையும் தர்மமும்தான். பிறகு வந்தது வழக்கு. பல பத்தாண்டு இழுத்த வழக்கு. கடைசியில் சென்னை நீதிமன்றம், கட்டளைகள் போக மிஞ்சிய பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842இல் பள்ளி திறந்தது. நாற்பத்தெட்டு வருஷம்!

எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆனது. கும்பகோணத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்த ராமானுஜனுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது. கணக்கைத் தவிர மற்றதில் அவர் தோற்றார், அது வேறு கதை. காஞ்சிபுரத்து அண்ணாதுரை அங்கேதான் எம்.ஏ. படித்தார். நாற்பத்தெட்டு வருஷம் தூங்கிய பணமே இத்தனை பிள்ளைகளை எழுப்பியிருக்கிறது. எழுதாமலே போயிருந்தால் வழக்குப் போடக்கூடக் காகிதம் இருந்திருக்காது.

தாமதத்துக்குக் காரணம் உயில் எழுதியது அல்ல, எழுதிய விதம், நிறைவேற்ற வந்த ஆட்கள். ஆகவே டீச்சரம்மா, "ஊர் நன்மைக்கு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பள்ளி, யாருக்கு, யார் கையால், அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று எழுதுங்கள். எந்தச் சாதி, எந்த மதத்துப் பிள்ளையானாலும் என்றும் ஒரு வரி சேருங்கள். பச்சையப்பர் பள்ளியே தொடக்கத்தில் இந்துப் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்பதை வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி வழக்கு அங்கேயே அடிபட்டுப்போகும்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதுகிறவர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் கட்டாயம் வேண்டும். ஒரு சாட்சி நான் தயார். இன்னொன்றுக்கு எதிரணி ஐயா பேனாவோடு வரட்டும்.